விலை கம்மியான கிட்டாரும் மூணு ஏடிஎம் கார்டும்

வணக்கம் நேயர்களே. கிட்டார் பத்தி பேச கூப்பிட்டிருக்காங்க, அதுவும் 10,000 ரூபாய்க்கு முன்ன பின்ன வாங்கறோமே, அந்த மாதிரி அகூஸ்டிக் கிட்டார் பத்தி. நான் பதினாறு வருஷமா கிட்டார் சொல்லிக் குடுக்கறேன், என்கிட்ட வர்றவங்க முக்கால்வாசி பேர் தூக்கிட்டு வர்றது இந்த ரகம்தான், அதனால இன்னிக்கு ஸ்டுடியோவுக்கு என்னோட முதல் கிட்டாரையே எடுத்துட்டு வந்துட்டேன், இப்ப மடியிலதான் இருக்கு.

இது 2003-ல எங்கம்மா சீட்டு எடுத்த காசுல வாங்கிக் குடுத்தது. 2,200 ரூபாய். கம்பெனி பேர் வேண்டாம் விடுங்க. பல சுரத்தை ஒண்ணா ஒலிக்க விரல் வைக்கற பிடிகள் இருக்கே, அதுல வாங்கின முதல் மாசமே ஈ மைனர் வந்துச்சு, ஏ மைனர் வந்துச்சு, ஜி கூட தட்டுத்தடுமாறி வந்துச்சு, ஆனா எஃப் மட்டும் வரவே இல்ல. எஃப்னா என்னன்னா, ஆள்காட்டி விரலை அப்படியே படுக்கப்போட்டு முதல் ஃப்ரெட்டுல, அதாவது கிட்டார் கழுத்துல குறுக்கால பதிச்சிருக்கற உலோகப் பட்டையில முதலாவதுல, ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்தணும், மத்த மூணு விரல் அந்தந்த இடத்துல நிக்கணும். நான் அழுத்தினா நாலு கம்பி டொப்பு டொப்புன்னுதான் கேக்கும். விரல் நுனியெல்லாம் தோல் உரிஞ்சு, சாப்பாட்டுல கை வெச்சா எரியும். சர்ச் க்வயர்ல என் வயசுப் பசங்க எல்லாம் எஃப் அடிக்கறாங்க, எனக்கு மட்டும் வரலன்னா அப்ப என் கைலதான் கோளாறுன்னு முடிவு பண்ணி பரண்ல தூக்கிப் போட்டுட்டேன். அம்மா ஒரு வார்த்தை கேக்கல. அஞ்சு வருஷம் அது அங்கயே கிடந்துச்சு.

2008-ல வீடு மாத்தும்போது கீழ இறக்கினோம். பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் ஆர்மோனியம், வயலின் எல்லாம் ரிப்பேர் பண்ணுவார், அவர்கிட்ட வித்துடலாம்னுதான் கொண்டு போனேன். அவர் கிட்டாரை வாங்கி, கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு நெக்கை, அதான் கழுத்தை, ஒரு பார்வை பார்த்துட்டு, "தம்பி, இதுல நீ எப்படிப்பா வாசிச்ச?"ன்னு கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் காதுல இருக்கு. கம்பியைத் தளர்த்தி, கிட்டார் உடம்புல கம்பியை மாட்டற பிரிட்ஜ்ல சொருகியிருக்கற வெள்ளைப் பட்டையை, அதான் சேடில், அதை உருவி, பென்சில்ல ஒரு கோடு போட்டு, கண்ணாடித் துண்டு மேல உப்புத்தாளை வெச்சு அந்தக் கோடு வரைக்கும் தேய்ச்சார். மேல தலைப்பக்கம் நட்ல கம்பி உக்கார்ற ஆறு பள்ளம் இருக்கும், அதை மெல்லிசு அரத்தால ஒவ்வொண்ணா, ரெண்டு இழுப்பு இழுத்துட்டு கம்பி வெச்சுப் பாக்கறது, மறுபடி ரெண்டு இழுப்பு. முக்கால் மணி நேரம். 150 ரூபாய் வாங்கினார். அவர் கடை ஸ்டூல்லயே உக்காந்து எஃப் புடிச்சேன், ஆறு கம்பியும் பேசுச்சு.

அஞ்சு வருஷமா என் கை நல்லாதான் இருந்திருக்கு. கம்பிதான் ஃப்ரெட்டை விட்டு ரொம்ப உசரத்துல நின்னிருக்கு, அதைத்தான் ஆக்ஷன்னு சொல்லுவாங்க.

வீட்டுல கிட்டார் இருக்கறவங்க இப்பவே பார்த்துக்கலாம். எழுத்து புடைக்காத ஏடிஎம் கார்டு ஒண்ணு முக்கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். மூணு கார்டை அடுக்கி பன்னெண்டாவது ஃப்ரெட் மேல, தடிச்ச கம்பிக்கு அடியில சொருகிப் பாருங்க. மூணு கார்டு லேசா உரசிட்டுப் போச்சுன்னா நல்ல கிட்டார், தாராளமா கத்துக்கலாம். அஞ்சு கார்டு சும்மா உள்ள போய் ஆடுதுன்னா அந்தக் கிட்டார்ல யார் கத்துக்கிட்டாலும் விரல் போயிடும். சேடிலை ஒரு மில்லிமீட்டர் தேய்ச்சா பன்னெண்டாவது ஃப்ரெட்டுல அரை மில்லிமீட்டர் இறங்கும், அந்தக் கணக்கு தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க, அவசரப்பட்டு நீங்களே ஒரேயடியா தேய்ச்சுட்டா கம்பி ஃப்ரெட்டுல மோதி ஜிர்ருங்கும், அப்புறம் புது சேடில்தான் போடணும். கம்பெனிக்காரங்க ஏன் உசரமா வெச்சு அனுப்பறாங்கன்னா, இறக்கி வெச்சா ஒவ்வொரு ஃப்ரெட்டும் சமமா இருக்கான்னு பார்த்துப் பார்த்து சரி பண்ணணும், அதுக்கு ஆள் நேரம் ஆகும், விலை கம்மியான கிட்டார்ல மிச்சம் பிடிக்கறதே அந்த நேரத்தைத்தான்.

விலை கம்மின்னாலே மட்டம்னு நினைக்காதீங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. யமஹா 1966-ல எஃப்ஜி வரிசையை ஆரம்பிச்சதே சாதாரண ஆளு வாங்கி வாசிக்கத்தான், எஃப்ஜின்னா ஃபோக் கிட்டார். 1969-ல அமெரிக்காவுல உட்ஸ்டாக்னு லட்சக்கணக்கான ஜனம் கூடின இசை விழா நடந்துச்சே, அதுல கன்ட்ரி ஜோ மெக்டொனால்டுங்கற பாடகர் மேடையில வாசிச்சது இந்த வரிசையில வந்த எஃப்ஜி 150 தான், தோள்பட்டை வார் கூட இல்லாம ஒரு கயித்தைக் கட்டிட்டு நின்னு பாடினார். இப்ப அதே கம்பெனி சென்னைப் பக்கத்துல 2019-ல ஆரம்பிச்ச தொழிற்சாலையில கிட்டார் செய்யறாங்க.

என்கிட்ட கத்துக்கிட்ட ஒரு நர்ஸம்மா இருக்காங்க, யமஹா எஃப் 310 வெச்சிருக்காங்க, பன்னெண்டு வருஷம் ஆச்சு. நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்து பால் காயற நேரத்துல பத்து நிமிஷம் வாசிப்பாங்களாம். இத்தனை வருஷத்துல மாத்தினது கம்பியும் கம்பியை முறுக்கற ட்யூனிங் கீ ஒண்ணே ஒண்ணும்தான். அதோட மேல்பலகை லேமினேட், அதாவது மெல்லிசு மெல்லிசா அறுத்த மரத்தை மாத்தி மாத்தி ஒட்டினது. "அது பிளைவுட் கிட்டார்"னு நிறைய பேர் இளக்காரமா சொல்லுவாங்க. உண்மைதான், ஒரே பலகையில செஞ்ச சாலிட் டாப் கிட்டார் கணீர்னு இருக்கும், நாளாக ஆக இன்னும் நல்லா பேசும், அதை நான் மறுக்கல. ஆனா சாலிட் மரத்துக்கு காத்துல ஈரம் நூத்துக்கு அம்பதை ஒட்டி இருக்கணும், சென்னை மாதிரி கடலோர ஊர்ல அது எழுபது எம்பதுக்கு சாதாரணமா போகும், ராத்திரி ஏசி பகல்ல புழுக்கம்னு மாறி மாறி பட்டா மரம் ஊதி சுருங்கி, வயிறு மாதிரி முன்னால தள்ளிக்கும். லேமினேட் அவ்வளவு அசையாது. அதனால முதல் கிட்டார் லேமினேட்டா இருக்கறதுதான் சரின்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

ஆனா எதுவா இருந்தாலும் மே மாசம் கார் டிக்கியில வெச்சுட்டுப் போகாதீங்க. லைட் கேஜ்னு சொல்ற மெல்லிசு கம்பி செட்டுல ஆறு கம்பியும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல இழுத்துட்டு நிக்குது, சூட்டுல பசை இளகினா பிரிட்ஜ் பெயர்ந்து எழும்பிடும், அப்படி வந்த கிட்டாரை நாலஞ்சு பார்த்துட்டேன், ஒவ்வொண்ணும் பார்க்க வயித்தெரிச்சலா இருக்கும்.

சரி பண்ணவே முடியாத கிட்டாரும் உண்டு, அதையும் சொல்லணும். ஒரு அப்பா தன் பொண்ணுக்கு ஆன்லைன்ல ரொம்ப மலிவா ஒண்ணு வாங்கிட்டு வந்தார், கலர் அவ்வளவு அழகு. ட்யூன் பண்ணிட்டு பன்னெண்டாவது ஃப்ரெட்டுல அழுத்தினா சுருதி ஏறிப் போகுது, அதே இடத்துல விரலை லேசா தொட்டு எடுத்து ஹார்மோனிக் அடிச்சா சரியா இருக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ஆக்ஷனை இறக்கிப் பார்த்தும் அப்படியேதான் இருந்துச்சு, பிரிட்ஜையே தப்பான இடத்துல ஒட்டியிருக்காங்க. அந்தப் பொண்ணுக்கு நல்ல காது, "அங்கிள், மேல போனா பாட்டு மாறிப்போகுது"ன்னு அவளே சொன்னா. கடையில வாங்கும்போது போன்ல ட்யூனர் ஆப் போட்டு இதை ஒரு தடவை பார்த்துடுங்க, ரெண்டு நிமிஷ வேலை. செட்டப், அதான் கம்பி உசரத்தையெல்லாம் சரி பண்ற வேலை, பண்ணிக் குடுப்பீங்களான்னும் கேளுங்க, ஆயிரம் ரூபாய் கூட ஆனாலும் பரவாயில்ல, அந்தக் காசை மினுமினுப்புக்கு குடுக்காம செட்டப்புக்கு குடுங்க.

எனக்கு குடுத்த நேரம் முடியப் போகுதுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க. இந்த 2,200 ரூபாய் கிட்டார்ல கம்பி நேத்துதான் மாத்தினேன், எங்கம்மாவும் இப்ப வீட்டுல ரேடியோ வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. முதல்ல சி, அப்புறம் ஏ மைனர், அப்புறம் எஃப். கேளுங்க.