வாட்ஸைக் கேட்பதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம். நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கிவிட்டு, அதற்கு எந்த ஆம்ப்ளிஃபயர் போடலாம் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். ஸ்பீக்கரின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

அங்கேயோ கூட வந்த தாளிலோ இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று சென்சிட்டிவிட்டி. 87 டெசிபல் என்று போட்டிருந்தால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 87 டெசிபல் வரும் என்று அர்த்தம். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சாதாரண ஹாலுக்கு அதுவே கணிசமான சத்தம். 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் வாங்கினால் சத்தம் இரண்டு மடங்காகிவிடும் என்று நினைக்கிறோம், ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. அப்புறம் எதற்கு 50, 10 போதாதா என்றால், ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டுப் பாருங்கள், சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது தவிலில் ஓங்கி ஒரு அடி விழும் அந்த நொடிக்கு மட்டும் பத்து மடங்கோ அதற்கு மேலோ பவர் வேண்டும். இல்லாவிட்டால் அந்த அடி பிளந்து கேட்கும், அப்படியே வால்யூமைத் திருகிக்கொண்டே போனால், கீச்சுக் குரலைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகிவிடும்.

பி.எம்.பி.ஓ. என்று, ஒரு கணத்து உச்சத்தைக் காட்டும் விளம்பர எண்ணை ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதைப் பார்க்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய பவர் எவ்வளவு, எத்தனை ஓமில், இடது வலது இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போதா என்று கேளுங்கள்.

ஓம்தான் அந்த இரண்டாவது எண், ஸ்பீக்கர் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு. அது குறைவாக உள்ள 4 ஓம் ஸ்பீக்கர் கரண்டை அதிகம் இழுக்கும். ஆம்ப்ளிஃபயரின் பின்னால், ஒயர் மாட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே குறைந்தது எத்தனை ஓம் என்று அச்சடித்திருப்பார்கள், அதற்குக் குறைவான ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். பழைய இசைத்தட்டு வைத்திருப்பவர்கள் ஃபோனோ இன்புட், அதாவது இசைத்தட்டு பிளேயரை மாட்டும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சேலத்து மே மாத வெயிலில் ஆம்ப்ளிஃபயரைக் கண்ணாடி ஷோகேஸுக்குள் அடைப்பது கொடுமை, மேலே ஒரு சாண் இடமாவது காலியாக விடுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்கள் கோடை மழைக்கு வானம் இருட்டும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

கடையில் அவர்களுடைய ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். கனமாக இருந்தாலும் பரவாயில்லை, உங்கள் ஸ்பீக்கரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள், வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்கவும் வேண்டாம்.