உத்தரவு போட்டாயிற்று; தூர் எடுப்பது யார்?

அவையில் மாநகராட்சிப் பொறியாளர்கள் இருக்கிறீர்கள், மாமன்ற உறுப்பினர்கள் இருக்கிறீர்கள், குடியிருப்போர் நலச்சங்கத்தினர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். எல்லாருக்கும் வணக்கம். ஒரு நகர நிர்வாகம் சுற்றுச்சூழல் கொள்கையை எப்படி வளர்த்தெடுக்கிறது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. உலகம் சுற்றி வர நேரமில்லை. சென்னையை மட்டும், அதிலும் மழைநீரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒரே விஷயத்தில் இந்த நகரம் என்னென்ன செய்து பார்த்தது என்று அதில் தெளிவாகத் தெரியும்.

நிபுணர்கள் கூடி, திட்டம் தீட்டி, படிப்படியாக நடைமுறைப்படுத்தினார்கள் என்று நினைத்தால் அது தவறு. சென்னையில் வறட்சி வந்தபோது சட்டம் வந்தது, வெள்ளம் வந்தபோது வடிகால் வந்தது. 1978இல் சென்னைக் குடிநீர் வாரியம் தொடங்கியது. கடலோரத்திலும் மீஞ்சூர்ப் பக்கமும் ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்த இறைப்பில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க 1987இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் முறைப்படுத்தும் சட்டம் வந்தது. கிணறு தோண்டவும், தண்ணீரை லாரியில் ஏற்றி விற்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்றது சட்டம். தண்ணீர் லாரி ஓடாத தெரு எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைவிட வேடிக்கை இன்னொன்று. மாநிலம் முழுமைக்கும் 2003இல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டத்தைப் பேரவை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

அதே 2003இல் வந்த இன்னொரு சட்டம் மட்டும் ஏன் வேலை செய்தது? அடுத்தடுத்துப் பருவமழை பொய்த்து, ஏரிகள் வறண்டு, குழாயில் தண்ணீர் வருவது அநேகமாக நின்றுபோன நேரம் அது. அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், பெரிய அடுக்குமாடிகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருந்தது. பிறகு புதிய கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் என்று விரிந்தது. 2003 ஜூலையில் ஜெயலலிதா அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம், ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகளும் ஆகஸ்ட் 31க்குள் அமைப்பை ஏற்படுத்த வேண்டும் என்றது. கவனிக்க வேண்டியது கெடுவை அல்ல, கூடவே வந்த பிடியை. உரிமையாளர் செய்யாவிட்டால் உள்ளாட்சியே செய்துவிட்டு, செலவைச் சொத்துவரி போல வசூலிக்கலாம். குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். புதிய அலுவலகமோ புதிய ஆய்வாளர் படையோ கேட்காமல், கட்டட வரைபட அனுமதி, குடிநீர் இணைப்பு, சொத்துவரி என்று ஏற்கெனவே கையில் இருந்த மூன்று காகிதங்களோடு கொள்கையைக் கட்டிப்போட்டார்கள். அதனால்தான் ஊரெல்லாம் குழி தோண்டினார்கள்.

பின்னால் நிலத்தடி நீர்மட்டம் ஏறியது உண்மை. ஆனால் 2005இல் கொட்டித் தீர்த்த மழையையும் கணக்கில் வைத்துத்தான் பேச வேண்டும். முழுப் பெருமையையும் குழிகளுக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஏன் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 1,400 மி.மீ. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,40,000 லிட்டர் விழும். ஆவியாவது, சிதறுவது போக 80 சதவீதம் வைத்தாலும் 1,12,000 லிட்டர். ஆனால் அது ஆண்டு முழுவதும் சீராகவா விழுகிறது? வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால், அதே மாடியிலிருந்து 5,000 லிட்டர் ஒரே மணி நேரத்தில் குழாயில் இறங்கும்.

கெடுவுக்குப் பயந்து பெரும்பாலானோர் தோண்டியது எது? மீட்டருக்கு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழக் கசிவுக் குழி. உள்ளே கூழாங்கல் அல்லது செங்கல் ஜல்லி, மேலே ஓர் அடி ஆற்று மணல். குழியின் கொள்ளளவு 1,500 லிட்டர் என்று தோன்றும். ஜல்லி போட்டபின் இடுக்குகளில் நிற்பது ஏறக்குறைய 600 லிட்டர்தான். பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடத்தில் இது போதும், விழ விழ உறிஞ்சிக்கொள்ளும். களிமண் பகுதியில் பத்து நிமிட மழையில் குழி நிரம்பி, மிச்சம் தெருவுக்குப் போகும். அங்கே வேண்டியது மூன்றடி விட்ட உறைக்கிணறு, 15 அடி ஆழம், ஜல்லி எதுவும் போடாமல் காலியாக. அது மூவாயிரம் லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கும். அடியிலும் களிமண்ணே இருந்தால், கிணற்றுக்குள்ளிருந்து மணல் அடுக்கு வரை ஒரு துளைக்குழாய் இறக்க வேண்டும். மண்ணைப் பார்க்காமல் மாநிலம் முழுக்க ஒரே படத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கியது அந்தக் காலத்துப் பெரிய பிழை.

அமைத்தவையும் எப்படிப் பழுதாகின்றன என்று பாருங்கள். முதல் மழையில் மாடித் தூசியும் வேப்பிலையும் காக்கை எச்சமும் நேரே குழிக்குள் போகும். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு வைக்க வேண்டும். வைத்திருந்தாலும் திருப்ப ஆளில்லை. மணலின் மேல் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல் படியும், அதோடு கசிவு நிற்கும். பக்கத்தில் வீட்டு வேலை நடந்தால் சிமென்ட் பால் உள்ளே போய் இறுகிவிடும். கார் நிறுத்த முன்வாசலுக்கு டைல்ஸ் பதிக்கும்போது குழியின் மூடியே மறைந்துபோகும். எல்லாவற்றிலும் மோசமானது, குழி நிரம்புகிறதே என்று மாடிக் குழாயைக் கழிவுநீர் மேன்ஹோலில் இணைத்துவிடுவது. கனமழையன்று தெருவில் சாக்கடை பொங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பொங்கினால் குடிநீர் வாரியத்தைத் திட்டுவோம்.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. அதுவரை பற்றாக்குறையாகவே பேசிவந்த தண்ணீரை மிகையாகவும் பார்க்க வேண்டியதாயிற்று. நான்கே ஆண்டில், 2019 ஜூனில், நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. அந்த ஆண்டிலேயே கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும், நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மறுபடியும் சுத்திகரித்து ஆலைகளுக்குத் தரும் நிலையங்கள் தொடங்கின. ஆலைகள் கேட்ட நல்ல தண்ணீர் ஊருக்கு மிச்சமானது; இந்தக் காலத்து முடிவுகளில் ஆகச் சிறந்தது இதுதான் என்பேன். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஏற்கெனவே இருந்தன, பேரூருக்கும் திட்டமிட்டார்கள். அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்று 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தோடு அந்த மின்கணக்கை ஒத்துப்பார்க்கும் வேலை இருக்கிறது.

இடையில் ஓர் எல்லைத் தகராறும் உண்டு. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்துடையது, அடையாறும் கூவமும் நீர்வளத்துறையுடையது, கட்டட அனுமதியில் சி.எம்.டி.ஏ. என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும் பங்கு. 2011இல் மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426ஆக விரிந்தது, வார்டுகள் 200 ஆயின. சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடையே இல்லை. வடிகால் போட்டதும் அதில் கழிவுநீர் இணைப்பு முளைத்தது. வடிகாலின் அடியில் சேறு, மேலே மழைக்கு இடமில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி. முன்கூட்டிக் கள ஆய்வு கிடையாது, நிறைவுச் சான்றும் தேவையில்லை. வீடு கட்டுகிறவர் அலைச்சலைக் குறைத்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் 2003இல் பிடித்த மூன்று காகிதங்களில் ஒன்று சிறிய வீடுகளுக்குத் தளர்ந்துவிட்டது. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு 'மழைநீர் சேகரிப்பு' என்று எழுதினால் போதும், தோண்டினார்களா என்று பார்க்க ஆளில்லை.

மிச்சமிருப்பவை குடிநீர் இணைப்பும் சொத்துவரியும். சொத்துவரியை அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுகிறோம், இரண்டாம் அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது, மழையும் அப்போதுதான். ஆகவே ரசீதோடு ஒரு பராமரிப்புப் படிவத்தை இணைக்கலாம் என்பது என் கருத்து. கேள்வி நான்கு போதும்: மேல் மணலை எப்போது மாற்றினீர்கள், மாடிக் குழாய் எங்கே விழுகிறது, வாசல் கேட்டுக்கு உட்புறம் ஓடும் நீரைப் பிடிக்கத் துளையிட்ட மூடியுடன் குறுக்குக் கால்வாய் இருக்கிறதா, கிணற்றில் இப்போது நீர் எத்தனை அடியில் நிற்கிறது. பொய் எழுதுவார்கள்தான். வார்டுக்கு இருபது வீட்டைக் குலுக்கல் முறையில் எடுத்து, குழியில் குழாயால் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அது அடைத்த குழி. அபராதத்துக்கு முன்பு மணல் மாற்ற முப்பது நாள் கொடுக்கலாம். இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. ஆனால் அக்டோபரில் படிவம் கொடுத்து நவம்பரில் சரிபார்ப்பதில் பயனில்லை. ஆகஸ்டிலேயே படிவம் வீட்டுக்குப் போய், செப்டம்பருக்குள் குலுக்கல் ஆய்வு முடிய வேண்டும்.