வாசல் இல்லாத தெற்குவாசல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மதுரையில் டவுன் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கண்டக்டர் "தெற்குவாசல், தெற்குவாசல்" என்று குரல் கொடுப்பார், பத்துப் பேர் இறங்குவார்கள். கீழவாசல் என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது, மேலவாசல் என்று ஒரு பகுதி இருக்கிறது. இறங்கிப் பார்த்தால் எங்கேயும் வாசலைக் காணோம். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டேன், "வாசல் எங்கப்பா?" என்று. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். "அது கோட்டையோட போச்சுடா" என்றார். அப்படிப் போன கோட்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், ஒரு ஜிகர்தண்டா, ராத்திரி ரயில் என்று ஊரை முடித்துக்கொள்கிறார்கள். பாண்டியர், சுல்தான்கள், நாயக்கர் என்று அத்தனை பேருக்கும் தலைநகரமாக இருந்த ஊர் இது, அந்தத் தலைநகரத்தைப் பார்க்காமலேயே போகிறார்களே என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம்.

கோயிலிலிருந்தே ஆரம்பிக்கலாம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் ஆட்டோ பிடிக்காதீர்கள், நடங்கள். மதிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாகப் போட்ட ஊர். சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குவதோடு சேர்த்துவைத்தார். விழா மாறிப்போனது, தெருவின் பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

அம்மன் சன்னதிக்கு எதிரே கொஞ்சம் நடந்தால் விட்டவாசல் வரும். பழைய பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் அது, இடிக்காமல் விட்டதால் விட்டவாசல். அதற்குக் கீழே தினமும் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது கோட்டை வாசல் என்று தெரியாது. நாயக்கர் காலத்தில் ஊர் பெருகியபோது விசுவநாத நாயக்கர் இன்னும் பெரிதாக ஒரு கோட்டை கட்டினார், 72 கொத்தளங்கள், அதாவது மதிலில் துருத்தி நிற்கும் காவல் மேடைகள், நாயக்கர் நாட்டைப் பிரித்த பாளையம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்பார்கள். கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் ஊர் நெருக்கியடித்தது என்று கலெக்டர் பிளாக்பர்ன் 1840-களில் அந்த மதிலை இடித்து அகழியை மூடினார். அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். பிளாக்பர்னுக்கு ஊர்க்காரர்கள் நன்றியாக நட்டதுதான் விளக்குத்தூண். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொத்தளம் ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் திரும்பிப் பாருங்கள்.

இப்போது மகாலுக்கு வருவோம். 1636-இல் கட்டியது. உள்ளே நுழைந்ததும் அந்த வெள்ளைத் தூண்களைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் கிடையாது, நியாயம்தான். ஆனால் நாம் பார்ப்பது அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்கு. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும் பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். மிஞ்சியதை 1866-க்குப் பிறகு சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர் பழுதுபார்க்க வைத்ததால்தான் இதாவது நிற்கிறது. சரி, மீதி முக்கால் பங்கு எங்கே? அதன் மேல்தான் கடையும் வீடுமாகத் தெருக்கள் இருக்கின்றன. நவபத்கானா தெரு என்று ஒரு சந்து இருக்கிறது. அரண்மனையில் மங்கல வாத்தியம் வாசித்த கூடத்தின் பெயர் அது, இன்றைக்கு அங்கே துணிதான்.

அதற்குப் பக்கத்தில்தான் பத்துத்தூண். அப்பாவுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போவேன். இரண்டு பக்கமும் லுங்கி, நைட்டி, துண்டு என்று மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பார்கள், நடுவில் தள்ளுவண்டி ஒன்று எந்நேரமும் வழியை மறித்து நிற்கும், அதற்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகக் கருங்கல் தூண்கள், மாடிக் கட்டடங்களைத் தாண்டி நின்றுகொண்டிருக்கும். தாங்குவதற்குக் கூரை கிடையாது. மகாலில் இருப்பதைப் போல வழுவழுப்பான சுதைப் பூச்சும் கிடையாது, வெறும் கல். அரண்மனையின் ரங்க விலாசம் என்ற பகுதியைச் சேர்ந்தவை என்பார்கள். உச்சி வெயிலிலும் அந்தச் சந்தில் நிழல்தான், தூணில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். போன வருடம் அக்கா மகளைக் கூட்டிப்போனேன். ஒரு தூணின் அடிப்பகுதி முழுக்கப் பார்சல் மூட்டைகள். கடைப்பையன் ஒருவன் நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், இரண்டு மூட்டையை நகர்த்தி, கையிலிருந்த துண்டால் கல்லைத் தட்டிவிட்டு, "இப்பப் பாருங்கக்கா" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே பிழைப்பு நடத்துகிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளியூர்க்காரர் தேடி வருகிற மாதிரி விளக்குத்தூணிலிருந்தே வழிகாட்டிப் பலகைகள் வைக்க வேண்டும், தூணைச் சுற்றி ஒரு ஆள் நிற்க இடம் விட வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறேன்.

மகால் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஆயிற்று என்பது ஊரே சொல்லும் சேதி. அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார். சாயங்காலம் போங்கள், கரையில் காற்று வாங்கலாம்.

இவ்வளவும் நாயக்கர் கதை. பாண்டியர் காலத்து மதுரையைப் பார்க்க வேண்டுமானால் மலைக்குத்தான் போக வேண்டும். ஊரைச் சுற்றி மலைதானே! மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டு, யானைமலையில் குடைவரை, அரிட்டாபட்டி என்று ஒரு வாரம் சுற்றலாம். அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரக்கூடாது என்று சுற்றுவட்டார ஊர்கள் சேர்ந்து நின்றதை மறக்க முடியுமா. ஒரே ஒரு மலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், பெரிய ஆலமரம். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம், ஒரு சுனை, அதையொட்டிய பாறையில் வரிசையாகச் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் உருவங்கள். பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதரை உடனே கண்டுபிடித்துவிடலாம்.

உருவத்தைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். கீழே குனிந்தால் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து தெரியும், செய்வித்தவர்களின் பெயர்கள். அதில் ஒன்று குணமதியார். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார். ஆயிரம் வருடத்துக்கு முன் மகன் துறவியாகிப் போன பிறகு, அந்த அம்மா இந்தப் பாறையில் ஒரு திருமேனி செய்வித்திருக்கிறார்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், பாறை சுடும். தண்ணீர் பாட்டிலைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். கூட வருகிற பிள்ளைகள் பாறையில் பெயர் கிறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குணமதியாரின் எழுத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் கிறுக்கிவிட்டார்கள்.

நன்றி, வணக்கம்.