கோடரி எங்கே விழுந்தது? – ஒரு சகோதரரின் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். போன வாரப் பதிவில் முதல் பத்து நிமிடம் ஒலியே இல்லாமல் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவுகளை எடுத்துத் தருவது என் மனைவி என்று பழைய நேயர்களுக்குத் தெரியும். ‘அம்மா கொஞ்சம் கவனித்திருக்கலாமே’ என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன்.

இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார்: ‘ஐயா, என் மனைவி பக்தியுள்ளவள்தான். ஆனால் வீட்டில் வாரம் ஒரு பொருளாவது உடைகிறது. பால் பொங்கி அடுப்பில் வழிகிறது. சென்ற வாரம் என் கைபேசியைச் சட்டைப் பையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள். திருத்துவது கணவனின் கடமை அல்லவா? கிருபை, கிருபை என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டே போக வேண்டுமா?’

நான்கு நாட்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாப்பிடும்போதும் நினைக்கிறேன், மாடியில் நடக்கும்போதும் நினைக்கிறேன். காரணம், நடுவில் இருக்கிற அந்த ‘சட்டைப் பையோடு’ என்ற வார்த்தை. சகோதரரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பைக்குள் கைபேசியை வைத்தது யார்?

சரி, அது போகட்டும். நேரே வேதத்துக்குப் போவோம். 2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரம். மறுபடியும் கோடரியா என்று சிலர் சிரிப்பீர்கள். ஆமாம், மறுபடியும் கோடரிதான். தீர்க்கதரிசிகளின் புத்திரர், அதாவது எலிசா தீர்க்கதரிசியின் சீடர்கள், தங்கள் வீடு நெருக்கமாயிருக்கிறது என்று யோர்தானுக்குப் போய் மரம் வெட்டுகிறார்கள். ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுந்துவிடுகிறது. ‘ஐயோ என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே’ என்று எலிசாவைப் பார்த்துக் கூவுகிறான்.

அந்த ‘ஐயோ’வுக்குப் பின்னால் எவ்வளவு பயம் இருக்கிறது பாருங்கள். இரும்பு அன்றைக்கு மலிவான பொருள் இல்லை. இரவல் வாங்கியது சேதப்பட்டால் வாங்கினவன் ஈடுகட்ட வேண்டும் என்பது யாத்திராகமம் 22இல் சொல்லப்பட்ட நியாயம். இன்னும் இரண்டு அதிகாரம் முன்னால் போனால், இதே தீர்க்கதரிசிகள் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவன் கடனோடு இறந்துபோகிறான். கடன்கொடுத்தவன் அவனுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடிக்க வந்து நிற்கிறான். இவர்கள் கண்ணால் பார்த்த சங்கதி அது. கோடரி விழுந்தபோது இவனுக்கு அந்த விதவையின் முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

எலிசா என்ன கேட்டார்? ‘அது எங்கே விழுந்தது?’ அவ்வளவுதான். எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. காம்பு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டாமா என்று கேட்கவில்லை. இரவல் பொருளை இப்படியா கையாள்வாய் என்று கேட்கவில்லை. எங்கே? அவன் இடத்தைக் காட்டினான், இவர் ஒரு மரக்கொம்பை வெட்டி அந்த இடத்தில் எறிந்தார், இரும்பு மிதந்தது.

எங்கள் ஊர்க் கிணற்றுக் கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களுக்காக இன்னொரு தரம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அம்மா பக்கத்து வீட்டுப் பித்தளைக் குடத்தை இரவல் வாங்கியிருந்தாள். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். தண்ணீர் இறைக்கும்போது முடிச்சு நழுவிக் குடம் கிணற்றுக்குள் போய்விட்டது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அப்பா வயலிலிருந்து வந்தார், எட்டிப் பார்த்தார், ‘எந்தப் பக்கம் விழுந்தது?’ என்று கேட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதாளக்கரண்டி வாங்கப் போய்விட்டார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாதாளக்கரண்டி தெரியாது. ஒரு வளையத்தில் பத்துப் பன்னிரண்டு இரும்புக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டுத் துழாவினால் விழுந்த வாளியோ குடமோ சிக்கும். ஊருக்கு ஒரு வீட்டில்தான் இருக்கும். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் நம் வீட்டிலிருந்து ஒரு பாத்திரத்தை அடகு வைத்துவிட்டு வர வேண்டும். அப்பா ஒரு செம்பை வைத்துவிட்டு வாங்கி வந்தார். ஒரு மணி நேரம் துழாவினார். முதலில் யாருடையதோ ஒரு பழைய வாளி வந்தது. பிறகு குடம் வந்தது, ஒரு பக்கம் நசுங்கி. அப்பா எலிசாவின் கதையை வாசித்தவர்தானா என்று எனக்குத் தெரியாது. அவர் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்குகிற மனிதர்.

இப்போது திருத்துவது பற்றி. உபாகமம் 19ஐ வாசியுங்கள். அங்கேயும் ஒரு கோடரி. ஒருவன் அயலானோடு விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறான். ஓங்கும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று அயலான்மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். நியாயப்பிரமாணம் என்ன சொல்கிறது? பகையில்லாமல் நடந்தது, அவன் அடைக்கலப்பட்டணத்துக்கு ஓடிப்போய் உயிர்பிழைக்கட்டும் என்கிறது. அப்படி ஆறு பட்டணங்கள், யோர்தானுக்கு இப்புறம் மூன்று, அப்புறம் மூன்று. உயிரே போன இடத்தில், கை தவறியவனுக்கு ஒதுங்க ஆறு ஊர்கள். நம் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் கை தவறினால் ஒதுங்க ஒரு மூலை இருக்கிறதா?

வேண்டுமென்றே பாத்திரத்தைத் தூக்கி எறிகிறவர்களை, கை ஓங்குகிறவர்களை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அது கை தவறுதல் ஆகாது. அங்கே பொறுத்துப்போ என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. வாரம் ஒரு பொருள் உடைகிறது என்றால், சகோதரரே, முதலில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு வருடம் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார், டீத் தம்ளரைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை என்று. கடைசியில் பார்த்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்திக்கொண்டிருந்தது, விரல்கள் மரத்துப்போயிருந்தன. ராத்திரியில் அந்த அம்மா கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இவர் பக்கத்திலேயே படுத்திருந்தவர். கேட்கவில்லை.

அவரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்தோம். அன்று மாலை நான் பாடகர் குழுப் பயிற்சிக்குப் போக வேண்டும். என் மனைவி தக்காளிச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு சத்தம். மிக்சியின் மூடி பறந்து, சட்னி சுவரெல்லாம், கூரை வரைக்கும். நான் ஓடிப்போய் முதலில் பார்த்தது சுவரை. ‘ஒரு மூடியைப் பிடிக்கத் தெரியாதா?’ என்று கேட்டேன். அவள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். மிளகாய் கண்ணில் பட்டிருந்தது.

சூடான தக்காளியை மூடி அரைத்தால் ஆவி மூடியைத் தள்ளும். அது அவளுக்குத் தெரியும். ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்று சொல்லியிருக்கிறாள். பயிற்சிக்கு நேரமாகிறது என்று விரட்டியது நான்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் நான் ஜெபித்தேன். ‘ஆமென்’ சொல்ல ஆளில்லை. என் சின்ன மகள்கூடத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1 பேதுரு 3:7 எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நம் ஆண்களுக்கு அந்த வசனத்தில் மனைவி ‘பெலவீன பாண்டம்’, அதாவது பலமில்லாத பாத்திரம், என்பது வரைக்கும் மனப்பாடமாகத் தெரியும். அதற்கு மேல் போக மாட்டோம். மேலே என்ன இருக்கிறது? அவர்களும் உங்களோடுகூடக் கிருபையைச் சுதந்தரித்துக்கொள்ளுகிறவர்கள், ஆகையால் கனம்பண்ணுங்கள் என்று இருக்கிறது. ஏன்? ‘உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு.’ பாண்டம் உடைவதற்கும் ஜெபம் தடைபடுவதற்கும் பேதுரு போட்ட முடிச்சு இது. அவரும் மனைவியுள்ளவர், மாமியாரோடு வாழ்ந்தவர். அனுபவித்து எழுதியிருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், சகோதரர் வேறு ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. ‘ஐயா, பால் பொங்காத நாட்களில் நான் என்ன சொல்ல வேண்டும்?’ அதை யாரும் கேட்பதில்லை. ஆகையால் நானே கேட்டு நானே சொல்கிறேன்.

எங்களுக்குத் திருமணமாகி 34 வருடம். காலையும் மாலையும் பால் காய்ச்சுகிறாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 24,820 தடவை. பொங்கி வழிந்தது எத்தனை? ஐம்பது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதுக்கும் நான் வாய் திறந்திருக்கிறேன். மீதி இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் தடவை டம்ளரை வாங்கிக்கொண்டு செய்தித்தாளைத் திருப்பியிருக்கிறேன். 1 கொரிந்தியர் 13இல் அன்பு ‘தீங்கு நினையாது’ என்று வாசிக்கிறோமே, அங்கே கிரேக்க மூலத்தில் இருப்பது கணக்கில் எழுதி வைப்பதைச் சொல்லுகிற சொல். ரோமர் 4இல் ஆபிரகாமுக்கு நீதியாக ‘எண்ணப்பட்டது’ என்று வருகிறதே, அதே சொல்தான். தேவன் நம் பேரில் நீதியை வரவு எழுதுகிறார். நாம் வீட்டுக்காரியின் பேரில் பாலைப் பற்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்குள் நன்றி சொன்னால் அந்நியம்போல் இருக்கிறது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நீதிமொழிகள் 31இல் அந்தப் புருஷன் மனதுக்குள் மெச்சிக்கொண்டு போகவில்லை. ‘அநேகம் பெண்கள் குணசாலிகளாயிருந்ததுண்டு, நீயோ அவர்கள் எல்லாருக்கும் மேற்பட்டவள்’ என்று அவளைப் பார்த்தே சொல்கிறான். அவ்வளவு நீளமாக உங்களுக்கு வராவிட்டால், ரசம் நன்றாக இருக்கிறது என்று ஆரம்பியுங்கள். முதல் நாள் ‘என்ன வேண்டும் உங்களுக்கு?’ என்று கேட்பார்கள். என் வீட்டில் கேட்டாள். பயப்படாதீர்கள், நாலாவது நாள் சரியாகிவிடும்.

சரி, முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். போன வார ஒலி. மைக்கின் பேட்டரி தீர்ந்திருந்தது. முந்தின இரவு அதைச் சார்ஜில் செருகிவிட்டுச் சுவிட்சைப் போடாமல் படுக்கப் போனவன் நான். அம்மாவைக் குறை சொல்லி நீங்கள் எழுதியதையெல்லாம் அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்துவிட்டு, ‘எந்த இடத்திலிருந்து மறுபடியும் பேச வேண்டும்?’ என்று மட்டும் கேட்டாள்.