செக்கோயா காட்டுக்குத் தீ ஏன் வேண்டும்?

அவையோருக்கு வணக்கம்.

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், அதுவும் மேற்குச் சரிவில் மட்டுமே இயற்கையாக வளர்கிறது பெருஞ்செக்கோயா மரம். அதைக் காக்க 1890-ஆம் ஆண்டு உருவானதுதான் செக்கோயா தேசியப் பூங்கா. போகிற எல்லோரும் முதலில் தேடுவது ஜெனரல் ஷெர்மன் மரத்தை. உயரம் 83 மீட்டருக்கு மேல். அடிமரச் சுற்றளவு 31 மீட்டர். வயது ஏறத்தாழ 2,200 என்று கணித்திருக்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்ததோடு நகர்ந்துவிடாதீர்கள். சுற்றியுள்ள மரங்களின் அடியைப் பாருங்கள். பல மரங்களில் கரியேறிய தழும்பு இருக்கும். எத்தனையோ தீயைக் கண்டு நின்ற மரங்கள் அவை. நார் நாராக உரியும் செம்பழுப்புப் பட்டை, முதிர்ந்த மரங்களில் 60 சென்டிமீட்டர் தடிமன் வரை இருக்கும். எளிதில் பற்றிக்கொள்ளும் பிசினும் அதில் குறைவு.

இனி, கீழே கிடக்கும், விதை பொதிந்த கூம்பு ஒன்றைப் பாருங்கள். கோழிமுட்டை அளவுதான். மரத்தில் இது இருபது ஆண்டுகள்கூடப் பச்சையாக மூடியே இருக்கும். அடியில் தீ எரியும்போது மேலெழும் வெப்பத்தில் காய்ந்து விரிகிறது; விதைகள் கொட்டுகின்றன. சருகெல்லாம் எரிந்து வெறும் மண் தெரியும் இடத்தில், வெயில் விழும் இடத்தில், அவை முளைக்கின்றன. அணிலும் வண்டும் கொஞ்சம் விதையை உதிர்க்கின்றன. ஆனால் தலைமுறையை வளர்ப்பது தீதான்.

மோனோ முதலான பழங்குடி மக்கள் இந்த மலைகளில் தாங்களே தீயிட்டுக் காட்டைப் பேணி வந்தார்கள். பூங்கா வந்த பிறகு, சிறு தீயையும் அணைப்பதே கடமையாயிற்று. நல்லெண்ணத்தில் செய்த பெருந்தவறு என்றே நான் சொல்வேன். சருகு குவிந்தது, ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்து வளர்ந்தன, செக்கோயாக் கன்றுகளைக் காணோம். 1960-களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் போன்றோரின் ஆய்வுக்குப் பிறகே, திட்டமிட்டுத் தீ வைக்கும் முறை தொடங்கியது.

அது எல்லாத் தோப்புகளையும் எட்டவில்லை. வறட்சியும் வெப்பமும் கூடியிருந்த 2020-இல் ‘காசில்’ என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ வந்தது. பெரிய செக்கோயாக்களில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டன. குறைந்தது 7,500 மரங்கள். தீயோடு ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த மரங்களைத் தீயே கொன்றது என்றால், அந்தத் தீ எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள்! மறு ஆண்டும் தீ வந்தது. ஷெர்மனின் அடியை தீக்காப்பு அலுமினியத் தாளால் சுற்றினார்கள். ஆனாலும் அந்தத் தோப்பு பெரிதும் தப்பியதற்கு, முப்பது நாற்பது ஆண்டுகளாக அங்கே சருகை எரித்து வந்ததே முக்கியக் காரணம். ஆகவே, நீங்கள் போகும் நாளில் புகை சூழ்ந்து ஒரு பாதையை மூடியிருந்தால் பணியாளர்களிடம் சினம் கொள்ள வேண்டாம்.

மரங்களின் வேர் ஆழமில்லாதது, அகலமாகப் பரவியது. பாதையை விட்டு இறங்காதீர்கள். வேர்களையும் மரங்களையும் காக்கவே, ஷெர்மன் நிற்கும் தோப்புக்குள் இருந்த 282 கட்டடங்களை 1990-களின் இறுதியில் அகற்றினார்கள்.

அங்கே கருங்கரடி உண்டு. உணவு, சோப்பு, பற்பசை எதையும் இரவில் காரில் விடாதீர்கள். அங்கேயே இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மனித உணவுக்குப் பழகிய கரடி காரின் கதவையும் பெயர்க்கும். கடைசியில் அதைச் சுட வேண்டிய நிலை வருகிறது. உயிர் போவது கரடிக்கு. காரணம் நாம் விட்டுச்சென்ற ஒரு பொட்டலம்.

முதியவர்களை அழைத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாக. ஷெர்மனுக்கு இறங்குவது எளிது, திரும்பி ஏறுவதுதான் மூச்சு வாங்கும். இடம் 2,000 மீட்டருக்கு மேல். வழியில் அமர இருக்கைகள் உண்டு. மெதுவாக ஏறி வாருங்கள்.