பரேலில் கிளம்பி பரேலுக்கே வந்த மருந்து

(காட்சி: மும்பை பரேல், டாடா மெமோரியல் மருத்துவமனை வாசல்)

வணக்கம். இந்த வாசலில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும், தமிழ் காதில் விழும். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வழி கேட்கும் நம்மூர்க் குடும்பம் ஒன்று எப்போதும் இருக்கும். சிலருடைய மருந்துச் சீட்டில் மீத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்தின் பெயர் இருக்கும். அதன் கதை இங்கிருந்து நடக்கிற தூரத்தில், ஹாஃப்கின் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆரம்பிக்கிறது.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய் வந்தார். மில் வேலைக்குப் போகும் கர்ப்பிணிகளுக்குக் கடுமையான ரத்தசோகை. ஈஸ்ட்டில் செய்யும் மார்மைட் என்ற கறுப்புப் பசையைக் கொடுத்துப் பார்த்தார், ரத்தம் ஊறியது. அதற்குள் இருந்தது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் என்பது பின்னால்தான் தெரிந்தது.

(காட்சி: எல்லாப்பிரகட சுப்பாராவின் படம்)

இவர் 1895-ல் பீமவரத்தில் பிறந்த தெலுங்கர். டாக்டருக்குப் படித்தது நம் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். கதர் அங்கி போட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனதில் பேராசிரியருக்குக் கோபம். முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ்.தான். அவருடைய சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோனது.

அப்புறம் ஹார்வர்டு. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் லேபில் பாஸ்பரஸ் அளந்திருப்பீர்களே, ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை? அந்தச் சுப்பாராவ்தான். 1940-ல் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது. ஸ்ப்ரூவுக்கு இன்றும் கொடுக்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று.

சரி, புற்றுநோய் எங்கே வந்தது? ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக வளர்ந்தது போலிருந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தை மறித்தால்?

செல் இரண்டாகப் பிரிய புது டிஎன்ஏ வேண்டும். அதற்கு ஃபோலேட் வேண்டும், ஃபோலிக் அமிலத்தின் குடும்பப் பெயர் அது. ஃபோலேட்டை வேலைக்குத் தயார்செய்வது ஒரு என்சைம். ஊரில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, சுப்பாராவ் குழு செய்த அமினோப்டெரின் அந்தத் துண்டு. பார்க்க ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். என்சைமின் சீட்டில் விழுந்து கிடக்கும். வேலை எதுவும் செய்யாது. நிஜ ஃபோலேட் நின்றுகொண்டே வரவேண்டியதுதான். வேகமாகப் பிரியும் செல்களுக்குத்தான் முதல் அடி. வாயின் உட்தோலும் வேகமாகப் பிரிவதால்தான் வாய்ப்புண் வருகிறது.

1948 ஜூனில் ஃபார்பர் கட்டுரை எழுதினார்: 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியது, தற்காலிகமாகத்தான். ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார், 53 வயதில். அதே துண்டின் கொஞ்சம் சாதுவான வடிவம்தான் மீத்தோட்ரெக்ஸேட்.

(காட்சி: மறுபடியும் பரேல்)

2020-ல் டாடா மெமோரியல் டாக்டர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். குணப்படுத்த முடியாத கட்டத்துக்குப் போன தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 422 பேர். ஒரு பாதிக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, ஊசியாக. மறுபாதிக்கு மீத்தோட்ரெக்ஸேட், கூடவே செலிகாக்ஸிப் என்ற வலி, வீக்க மருந்து, இரண்டும் மாத்திரையாக. ஆயுளின் இடைநிலை, அதாவது பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், ஊசியில் 6.1 மாதம், மாத்திரையில் 7.5. பெரிய வித்தியாசமா என்று கேட்பீர்கள். ஆனால் இது விலை குறைந்த மாத்திரை, கடும் பக்கவிளைவும் குறைவு, வீட்டிலேயே விழுங்கலாம். வாடகை அறையில் தங்கி ஊசிக்குக் காத்திருப்பவரைக் கேட்டுப்பாருங்கள்.

ஒன்று மட்டும். இந்தச் சிகிச்சையில் மீத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. சீட்டு புரியவில்லை என்றால் எந்தக் கிழமை என்று கேட்டு, அட்டையின் மேலேயே தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.