மைனஸா, பிளஸா? வீட்டிலேயே கார் பேட்டரி மாற்றுவது பற்றி ஒரு கேள்வி

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான். சேலத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, என்னுடையது சின்ன பெட்ரோல் கார். பேட்டரி போட்டு நாலு வருஷம் ஆகிறது. காலையில் சாவியைத் திருகினால் டக்கு டக்கு என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்க மாட்டேன் என்கிறது. நானே வீட்டில் பேட்டரியை மாற்றலாமா? எந்த வயரை முதலில் கழற்றுவது? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்."

மாற்றலாம் தம்பி, தாராளமாக மாற்றலாம். 10 நம்பர் ஸ்பேனர் ஒன்று, பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப்புக்கு ஏற்ற ஸ்பேனர் ஒன்று, அரை மணி நேரம். அவ்வளவுதான் வேலை. ஆனால் காசைக் கொடுத்துப் புதுசு வாங்குவதற்கு முன்னால், போனது பேட்டரிதானா என்று பாருங்கள். பானெட்டைத் திறந்தால் டெர்மினலில், அதாவது பேட்டரி மேல் வயர் மாட்டியிருக்கும் ஈய முனையில், வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கிறதா? அந்தப் பூப்பே கரண்டைத் தடுக்கும். கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துத் துலக்கி, ஈரம் போகத் துடைத்து மாட்டிய பிறகு, ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மல்டிமீட்டர், அதாவது வோல்ட் அளக்கும் கருவி. சாதாரண மீட்டரே போதும். இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். பிறகு பக்கத்து வண்டியின் பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுத்தாவது ஸ்டார்ட் செய்து, ஜம்ப் கேபிளை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது அளங்கள். சாதாரணமாக 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். அப்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் கோளாறு ஆல்டர்னேட்டர் பக்கம், அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவியின் பக்கம், இருக்கிறது. அந்த நிலையில் புது பேட்டரி போட்டால் அதுவும் ரெண்டு நாளில் படுத்துவிடும், காசு தண்டம். நாலு வருஷம் என்று சொல்கிறீர்கள், நம் ஊர் வெயிலுக்கு அது நல்ல ஆயுசுதான். குளிரைவிட சூடுதான் பேட்டரியை அரிக்கும்.

சரி, இப்போது எந்த வயர் முதலில் என்பதற்கு வருகிறேன். மைனஸ்தான் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசி. இதை மனப்பாடம் செய்தால் ஒரு நாள் மாறிவிடும், காரணம் தெரிந்தால் மாறாது. உங்கள் காரில் பேட்டரியின் மைனஸ் வயர் நேராக பாடியில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதாவது பானெட்டுக்குள் தெரிகிற இரும்பு எல்லாமே மைனஸ். இப்போது மைனஸை விட்டுவிட்டு பிளஸ் நட்டைக் கழற்றுகிறீர்கள், ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டுவிடுகிறது என்று வையுங்கள். பிளஸுக்கும் மைனஸுக்கும் நடுவில் ஸ்பேனரே வயராகிவிட்டது. நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியாகப் பாயும்.

இதோ, இந்த ஸ்பேனரைப் பாருங்கள். ஓரத்தில் எலி கடித்த மாதிரி இருக்கிறதா? இது என் சொந்த சாதனை. வேலை கற்றுக்கொண்ட புதிதில், அவசரத்தில் பிளஸில் கை வைத்தேன். பட்டாசு வெடித்த மாதிரி ஒரு பொறி, இரும்பு உருகிய வாடை. கண்ணில் தெறிக்காமல் போனது என் அதிர்ஷ்டம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால்தான் நமக்கு அலட்சியம். ஆனால் மோதிரத்தைப் பழுக்கக் காய்ச்ச அது போதும். மோதிரம், இரும்பு ஸ்ட்ராப் வாட்ச், கைக்காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

அதே ஸ்பேனர், மைனஸைக் கழற்றும்போது பாடியில் பட்டால்? ஒன்றும் ஆகாது. ஸ்பேனரும் மைனஸ், பாடியும் மைனஸ். மைனஸை எடுத்து ஒரு துணியில் சுற்றி ஒதுக்கிவிட்டால் பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் எங்கே இடித்தாலும் கவலையில்லை, பேட்டரியின் ரெண்டு டெர்மினலையும் ஒரே நேரத்தில் தொடாத வரைக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் சிலவற்றில் பிளஸ்தான் பாடியில் இருக்கும், அங்கே எல்லாம் தலைகீழ். ஆக, பாடியோடு சேர்ந்திருப்பது எதுவோ அதுதான் முதலில்.

கழற்றுவதற்கு முன் இன்னொன்று. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு கண்ணாடியை இறக்கி வையுங்கள். பேட்டரி இல்லாத நேரத்தில் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. சாவி உள்ளேயும் நீங்கள் வெளியேயும் நின்றால் தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும்.

புதுசு வாங்கப் போகும்போது பழைய பேட்டரியின் மேல் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன கார் என்றால் பெரும்பாலும் 38பி20எல் (38B20L) மாதிரி ஒன்று இருக்கும். அதில் 20 என்பது நீளம், சென்டிமீட்டரில். கடைசி எழுத்து 'எல்' (L) என்றிருக்கிறதா, 'ஆர்' (R) என்றிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள், டெர்மினல் எந்தப் பக்கம் என்பதை அதுதான் சொல்லும். மாற்றி வாங்கினால் வயர் எட்டாது, இழுத்துப் பிடித்து மாட்டத் தோன்றும். அப்படி மாட்டினால் வம்புதான். பேட்டரியில் அடித்திருக்கும் தயாரிப்பு மாதத்தையும் கேட்டுப் பாருங்கள். கடை அலமாரியில் மாதக் கணக்கில் தூங்கியதை எதற்கு வாங்க வேண்டும்? வாரண்டி 30+30 என்று போட்டிருந்தால் மொத்தம் 60 மாதமும் இலவசம் என்று அர்த்தமில்லை. முதல் 30 மாதத்துக்குள் போனால் மாற்றித் தருவார்கள், அடுத்த 30-இல் விலையில் ஒரு பகுதியைக் கழிப்பார்கள், அவ்வளவே.

மாட்டும்போது முதலில் பேட்டரியைத் தட்டில் உட்கார வைத்து, கிளாம்ப்பை இறுக்குங்கள். சின்ன பேட்டரியே பத்து கிலோ சுமாருக்கு இருக்கும், குனிந்து தூக்கும்போது இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் தளர்வாக இருந்தால் நம் சாலைகளின் குலுக்கலிலேயே உள்ளே இருக்கும் தகடு உதிர்ந்துவிடும். அப்புறம் பிளஸ், கடைசியாக மைனஸ். மைனஸ் தொடும்போது ஒரு சின்னப் பொறி வந்தால் பயப்படாதீர்கள். டெர்மினலைக் கையால் திருப்பிப் பாருங்கள், அசையக் கூடாது. அதற்காக பலம் கொண்ட மட்டும் முறுக்கவும் வேண்டாம், ஈயம் மெத்தென்றது, நசுங்கும். மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவிவிட்டால் மறுபடி சீக்கிரம் பூக்காது. பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்ற வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும்.

ஸ்டார்ட் செய்த பிறகு கடிகாரம் பன்னிரண்டைக் காட்டும், ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிந்திருக்கலாம், ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம், கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம். ஓட்டினால் தானாகச் சரியாகும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சிக்னலில் தானாக இன்ஜின் அணைந்து, கிளட்ச் மிதித்தால் ஓடுகிற ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளுக்கு சாதாரண பேட்டரி போடக் கூடாது, அதற்கென்று தனி ரகம் இருக்கிறது. சில வண்டிகளில் புது பேட்டரியை ஸ்கேனர் வைத்து கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அந்த வகை கார் வைத்திருப்பவர்கள் கையேட்டைப் பாருங்கள், இல்லை என்றால் சர்வீஸில் விடுங்கள்.

பழைய பேட்டரியை வீட்டு மூலையில் போட்டு வைக்காதீர்கள், குப்பையில் போடவே கூடாது. எடையில் பாதிக்கு மேல் ஈயம், மிச்சத்தில் ஆசிட். பழசைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர் தலையில் வைத்திருக்கின்றன. கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், பில்லில் அந்தத் தொகை தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். எடுத்துப் போகும்போது சாய்க்காமல் டிக்கியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு போங்கள் தம்பி. மாற்றிய பிறகு, இன்ஜின் ஓடும்போது மீட்டர் எவ்வளவு காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.